தேயிலையின் பெயர் கொண்ட மருந்து

சொற்களைப் பிரித்துப் பார்ப்பது தமிழ் படித்தவர்களைவிட்டு எளிதில் நீங்காத பழக்கம். 'தேயிலை' என்ற சொல்லைப் பிரித்தால் 'தே' என்றும் 'இலை' என்றும் ஆகும். 'தே' என்பது சீனத்தின் ஃபூஜியன் கடற்கரை வழக்கிலிருந்து கப்பலேறி உலகெங்கும் சென்ற சொல். 'இலை' நம்முடையது. இழுப்பு நோயாளிகள் உள்ள வீடுகளில் பலருக்கும் அறிமுகமான தியோஃபிலின் என்ற மருந்தின் பெயரையும் இவ்வாறே பிரிக்கலாம். முற்பகுதி, அதே சீனச் சொல் இலத்தீனில் 'தியா' என்று வழங்கியதிலிருந்து வந்தது. பிற்பகுதி, இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆக, நம் தேயிலையும் வேதியியலாரின் தியோஃபிலினும் பொருளால் ஒரே சொல்தான்.

இந்த ஒற்றுமையை நாங்கள் கண்டுகொண்டபோது அதை எண்ணி மகிழும் நிலையில் இல்லை. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம், கோவையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அமர்ந்திருந்தோம். உள்ளே எங்கள் தந்தையார் நிமிடத்துக்கு நூற்று நாற்பது முறை துடிக்கும் நெஞ்சோடு படுத்திருந்தார். நாங்கள் என்றால் அம்மா, அக்கா, தம்பி, இதை எழுதுபவர் ஆகிய நால்வர். அன்று நடந்ததற்கு நால்வருக்கும் பங்குண்டு என்பதால் இக்கட்டுரையையும் 'நாங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது.

தந்தையார் வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி, உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் பகுதியில் கழிந்தது. அந்த அறையில் பஞ்சு போன்ற தேயிலைத் தூள் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். மாலையில் லைன் வீட்டுக்குத் திரும்பும்போது அவருடைய புருவத்திலும் காதுமடலிலும் பழுப்பு நிறத்தில் அது படிந்திருக்கும். குழந்தைகளாக இருந்தபோது அந்த மணம் எங்களுக்குப் பிடித்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு வரும் ஒருவகை ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் உரகொட 1970இலேயே எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். இதனோடு பீடியும் சேர்ந்துகொண்டது. குளிருக்கு ஒன்று, வேலைக்கு நடுவே ஒன்று, உறக்கத்துக்கு முன் ஒன்று என்று தொடங்கி நாளொன்றுக்கு ஒரு கட்டு என்றாகிவிட்டது.

ஈளை, இரைப்பு, இழுப்பு என்று இந்நோய்க்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. 'இழுப்பு' என்ற சொல்லின் பொருளை நாங்கள் அகராதியில் கற்கவில்லை. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் கட்டிலில் ஊன்றி, தோள்கள் உயரத் தந்தையார் மூச்சை இழுப்பதைப் பார்த்துக் கற்றோம். அத்தகைய இரவுகளில் அம்மா பாலும் சர்க்கரையும் சேர்க்காத கடுங்காப்பியைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டுக் கொடுப்பார். கால் மணி, அரை மணி கழித்துச் சற்றுத் தணியும். 'சூடு இறங்கினா சளி இளகும்' என்பது அம்மாவின் விளக்கம்.

விளக்கம் தவறாக இருக்கலாம், வைத்தியத்தில் பழுதில்லை. இலண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர் ஆஸ்துமா பற்றி 1860இல் வெளியிட்ட நூலில் கடுங்காப்பியைச் சிறந்த மருந்துகளுள் ஒன்றாகச் சொல்கிறார். அவரும் இந்நோயால் துன்புற்றவரே. காப்பியிலுள்ள கஃபீன் மூச்சுக்குழாய்களை ஓரளவு விரிக்கிறது. நுரையீரலின் திறனை அளக்கும் ஊதல் பரிசோதனைக்குத் தந்தையாரை அழைத்துச் சென்றபோது, 'காலையில காப்பி குடிச்சீங்களா?' என்று அங்கிருந்தவர் கேட்டார். குடித்திருந்தால் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடுமாம். அம்மாவின் முகத்தில் அன்று ஒரு வெற்றிக் களை இருந்தது.

கஃபீன், தியோஃபிலின், தியோபுரோமின் ஆகிய மூன்றும் உடன்பிறப்புகள். சாந்தீன் என்ற ஒரே உடலில் மீத்தைல் என்னும் சிறு தொகுதிகள் ஒட்டியிருக்கும் எண்ணிக்கையும் இடமுமே வேறு. கஃபீனுக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு. தேயிலைச் சாற்றிலிருந்து தியோஃபிலினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் கோசல். ஆண்டு 1888. பின்னர் 1910இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவரும் இவரே, ஆனால் அது உயிரணுவின் வேதியியல் குறித்த ஆய்வுகளுக்காக. தேயிலையில் தியோஃபிலின் மிக மிகச் சிறிதளவே உண்டு. ஆகவே கோப்பை கோப்பையாகத் தேநீர் குடித்து இந்த மருந்தைப் பெற இயலாது. மருந்துக்கடையில் கிடைப்பது செயற்கையாக ஆக்கப்படுவதே. முதலில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தாகப் பயன்பட்ட இது, 1922இல் ஃபிராங்ஃபர்ட்டின் மருத்துவர் சாம்சன் ஹிர்ஷ் வாயிலாக ஆஸ்துமாவுக்கு வந்து சேர்ந்தது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகளைத் தளர்த்துவதும், மூச்சை நடத்தும் மூளைப்பகுதியைத் தூண்டுவதும், உதரவிதானத்துக்குச் சற்று வலுவூட்டுவதும் இதன் பணிகள். உறிஞ்சும் மருந்துகள் பரவலாகும் முன்னர் இதுவும் இதன் உடன்பிறப்பான அமினோஃபிலின் ஊசியுமே பல நாடுகளில் இழுப்பு நோயாளிகளின் பெருந்துணையாக இருந்தன.

தந்தையார் 2002இல் ஓய்வு பெற்றார். மலையிலிருந்து இறங்கிப் பொள்ளாச்சியில் குடியேறினோம். அங்கே நுரையீரல் மருத்துவர் ஒருவர், நோய் இப்போது நாட்பட்ட நுரையீரல் அடைப்பாக முற்றிவிட்டது என்று சொல்லி, உறிஞ்சும் மருந்தோடு தியோஃபிலின் மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார். முதலில் தந்த அளவு போதவில்லை. படிப்படியாகக் கூட்டி நாளொன்றுக்கு 600 மில்லிகிராமில் நிறுத்தினார். அந்த அளவில் தந்தையார் நன்றாக இருந்தார். மாடிப்படி ஏறினார். இரவில் படுத்து உறங்கினார். பீடியை மட்டும் விடவில்லை.

விடச் சொல்லி நாங்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. அக்கா அழுதாள். தம்பி பீடிக்கட்டை எடுத்துக் கிணற்றில் போட்டான். அம்மா ஒருவாரம் பேசாதிருந்தார். இறுதியில் 2005 பொங்கலன்று, 'இனித் தொடமாட்டேன், போதுமா?' என்றார். சொன்னபடியே நின்றார். பீடி கேட்கும் வாய்க்குப் பதிலாக அம்மா கட்டாந்தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாளுக்கு எட்டுக் குவளையாவது இருக்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு மகிழ்ச்சியான தை மாதம் அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டு வாரம் சென்றது. தந்தையாருக்கு உறக்கம் குறைந்தது. சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல்கள் நடுங்கின. உணவைக் கண்டாலே குமட்டல். சிறு சொல்லுக்கும் எரிந்து விழுந்தார். புகையை விட்டவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்திருந்ததால் நாங்கள் அஞ்சவில்லை. ஊரிலிருந்து வந்த பெரியப்பா மட்டும், 'நாப்பது வருசப் பழக்கத்த ஒரே நாள்ல விட்டா ஒடம்பு தாங்காதுடா, ஒண்ணு ரெண்டு குடிக்கட்டும்' என்றார். அவரை நாங்கள் கடிந்துகொண்டோம். தந்தையார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பிப்ரவரி முடிவில் சளியும் காய்ச்சலும் வந்தன. தெருமுனையில் இருந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். 'வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?' என்று கேட்டார்கள். 'இழுப்புக்கு ஒண்ணு சாப்பிடுறார்' என்று சொன்னோம். பெயரைச் சொல்லவில்லை, சீட்டையும் கொண்டுபோகவில்லை. சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஐந்து நாளைக்குத் தரப்பட்டது. மூன்றாம் நாள் இரவு வாந்தி நிற்கவில்லை. கை வைத்துப் பார்த்தால் நெஞ்சு பறவையைப் போல் அடித்துக்கொண்டது. வண்டி பிடித்துக் கோவைக்கு விரைந்தோம்.

அங்கே பணியிலிருந்த மூத்த மருத்துவர் இதய வரைபடத்தைப் பார்த்தார். மாத்திரைப் பையை வாங்கிக் கவிழ்த்தார். ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினார். பிறகு எங்களிடம் திரும்பி அவர் கேட்ட முதற்கேள்வி இது: 'அப்பா பீடி எப்ப விட்டாங்க?'

அந்தக் கேள்வி எங்களுக்கு விளங்கவில்லை. அவர் பீடி குடித்தவர் என்பதையே நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கறை படிந்த விரல்களைப் பார்த்து மருத்துவரே உணர்ந்திருக்கிறார். 'பொங்கலுக்கு' என்றோம். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திராமல் தியோஃபிலினை நிறுத்தி, கரித்தூளைக் கரைத்துச் சில மணிக்கொருமுறை புகட்டத் தொடங்கினார்கள். குடலில் உள்ள மருந்தைக் கரி பற்றிக்கொள்ளும். அதோடு நில்லாமல், இரத்தத்தில் ஏறிவிட்டதையும் சிறிது சிறிதாகக் குடலுக்குள் இழுத்து வெளியேற்றும். மறுநாள் வந்த அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 36 மைக்ரோகிராம் என்றிருந்தது. 10 முதல் 20 வரை என்பது அந்நாளைய வரையறை. இருபதைத் தாண்டினால் குமட்டலும் நடுக்கமும் வரலாம். மேலும் ஏறினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். வலிப்பும் வரலாம். அந்த வலிப்பு எளிதில் அடங்காது. தந்தையாருக்கு வலிப்பு வரவில்லை. அது எங்கள் நல்வினை.

நிலைமை தணிந்த பிறகு மருத்துவர் எங்களை அமர்த்தி விளக்கினார். கல்லீரலில் தியோஃபிலினைச் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்று இருக்கிறது. சிஒய்பி1ஏ2 என்று அதற்குப் பெயர். கஃபீனும் பெரும்பாலும் அதே நொதியால்தான் சிதைக்கப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். புகையிலை எரியும்போது எழும் சில பொருள்கள் அந்த வாசலை அகலத் திறந்துவைக்கின்றன. இது நிக்கோட்டினின் வேலையன்று, புகையின் வேலை. ஆகவே புகைப்பவர் உடலில் தியோஃபிலின் விரைந்து கழிந்துவிடும். அதன் அளவு பாதியாகக் குறைய அவருக்கு நான்கைந்து மணி நேரம் போதும். புகைக்காதவருக்கு ஏறத்தாழ எட்டு மணி ஆகும். தந்தையாருக்குத் தொடக்க அளவு போதாமல் 600 மில்லிகிராம் தேவைப்பட்டதற்கு அவருடைய பீடியும் ஒரு காரணம். அவர் பீடியை விட்டதும் ஓரிரு வாரத்தில் வாசல் பழையபடி சுருங்கியது. மாத்திரையோ அதே 600. அவ்வாசலில் அம்மாவின் எட்டுக் குவளைத் தேநீரிலுள்ள கஃபீனும் வந்து நெருக்கியது. கடைசியாக வந்த சிப்ரோஃபிளாக்சசின் அந்த நொதியைத் தடுக்கும் மருந்து. இருந்த சிறு வழியையும் அது அடைத்தது.

எல்லோரும் நல்லதையே செய்தோம். அவர் பீடியை விட்டார். அம்மா தேநீர் கொடுத்தார். நாங்கள் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூன்று நன்மைகளும் சேர்ந்து அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தின.

நான்காம் நாள் தந்தையார் வார்டுக்கு வந்தார். கரியால் உதடு இன்னும் கறுத்திருந்தது. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், 'பீடிய விட்டதுதான் எனக்கு வினையாப் போச்சா?' என்று கேட்டார். அக்கா வெளியே எழுந்து போய்விட்டாள். ஆமென்றால் அவர் மறுபடியும் பற்றவைப்பார். இல்லையென்றால் அது முழு உண்மையன்று. சொல்லைத் தொழிலாகக் கொண்ட எங்களிடம் அன்று ஒரு சொல் இல்லை.

அடுத்த நாள் மருத்துவர் வந்தபோது தந்தையார் அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். அவர் தயங்கவேயில்லை. 'விட்டது சரிங்க ஐயா. விட்டதும் மாத்திரையக் குறைச்சிருக்கணும். அதுக்கு யாராவது எங்ககிட்ட சொல்லியிருக்கணும்' என்றார். குறைந்த அளவில் மருந்தை மீண்டும் தொடங்கினார். சீட்டின் தலைப்பில் 'பீடி நிறுத்தம், ஜனவரி 2005' என்று தமிழிலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தார். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்டாமல் வாய் திறக்கக் கூடாது என்று எங்களுக்கும் ஆணையிட்டார்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். மருத்துவன் கருத வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் குறளில் வள்ளுவர் பிணிக்கு முன்னே நோயாளியைத்தான் வைக்கிறார். வயது, வலிமை என்று உரைகாரர் வழியில் அதற்குப் பொருள் சொல்லி வந்தோம். இப்போது அந்தக் குறளுக்கு வரும்போது தந்தையாரின் மஞ்சள் படிந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் என்ன புகைக்கிறார், எத்தனை குவளை தேநீர் குடிக்கிறார், எதை எப்போது விட்டார் என்பதெல்லாம் அந்த அளவில் அடங்கும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். மாத்திரை அட்டையில் அச்சிட்ட மில்லிகிராம் பாதிக் கணக்குத்தான். மீதி, உண்பவர் உடலிலும் வாழ்விலும் இருக்கிறது.

தியோஃபிலினின் பெருமை இன்று மங்கியிருக்கிறது. பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதே முதற்காரணம். உறிஞ்சும் மருந்துகள் நேரே நுரையீரலுக்குச் சென்று இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் பயன்படுமா என்று பிரிட்டனில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். நோய் முற்றி எழும் தடவைகளை அது குறைக்கவில்லை என்று 2018இல் முடிவு வெளியாயிற்று. ஆயினும் விலை மலிவு என்பதால் நம் நாட்டில் இம்மாத்திரையை உண்போர் இன்றும் உள்ளனர். இக்கட்டுரையைப் படிப்பவர்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவர் புகையை விட வேண்டும், விடும் முன் மருத்துவரிடம் ஒரு சொல் சொல்லிவிடவும் வேண்டும்.

இந்தக் குடும்பத்து மருந்தை எங்கள் வீடு மறுபடியும் 2016இல் சந்தித்தது. தம்பியின் மகள் முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு விட நினைவூட்டும் மூளைப்பகுதி முதிர்ந்திராது. இருபது விநாடிக்கும் மேலாக அவர்கள் மூச்சை நிறுத்திவிடுவார்கள். கருவி ஒலிக்கும். செவிலியர் ஓடிவந்து பிஞ்சுப் பாதத்தைத் தட்டுவார். குழந்தைக்குக் கஃபீன் சிட்ரேட் கொடுக்கப் போவதாக மருத்துவர் சொன்னபோது தம்பி வெளிறிப் போனான். 'காப்பியில இருக்கிறதுதாங்க' என்று அவர் சிரித்தார். காப்பி என்ற சொல் எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

முன்பு இக்குழந்தைகளுக்கும் தியோஃபிலினே கொடுக்கப்பட்டு வந்தது. பச்சிளங்குழந்தையின் உடல் அதில் ஒரு பகுதியைத் தானே கஃபீனாக மாற்றிக்கொள்கிறது என்பது வியப்பான செய்தி. கஃபீனில் தீங்கு குறைவு என்பதால் பின்னர் அதுவே முதன்மை பெற்றது. பல நாடுகளில் 2006 குழந்தைகளைக் கொண்டு நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கஃபீன் பெறாதவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு நாட்பட்ட நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது. பெற்றவர்களில் 36 பேருக்குத்தான் ஏற்பட்டது. பெருமூளை வாதமும் குறைந்திருந்தது.

தம்பி மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: 'இது கழிய எவ்வளவு நேரம் ஆகும் சார்?' அவர் வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். பெரியவர்களுக்கு ஐந்து மணியளவில் பாதியாகும் கஃபீன், இக்குழந்தைகளுக்கு ஏறத்தாழ நூறு மணி நேரம் எடுக்கும் என்றார். அந்த நொதி அவர்கள் கல்லீரலில் இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் எடை பார்த்து நாளுக்கு ஒருமுறை மட்டும் தருவதாகச் சொன்னார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே வாசலின் கதையை நாங்கள் மீண்டும் கேட்டோம். இம்முறை விளங்கியது. குழந்தை ஆறாவது வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். ஓட்டப் பந்தயத்தில் பரிசும் வாங்குகிறாள்.

தந்தையார் அவளைப் பார்க்கவில்லை. 2014இல் உறக்கத்திலேயே காலமானார். இறுதிவரை பீடியைத் தொடவில்லை. அவருடைய பெட்டியில் பணிச்சான்றிதழோடும் எங்கள் மதிப்பெண் பட்டியல்களோடும் அந்த மருத்துவச் சீட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது அம்மா எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதேபோல் ஒரு தாளைக் கொண்டுபோகிறோம். மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே, 'காப்பி, காலை ஒன்று, மாலை ஒன்று' என்று எழுதியிருக்கிறோம். அதைப் படித்துச் சில மருத்துவர்கள் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும், 'மூணுன்னு எழுது, பதினோரு மணிக்கும் ஒண்ணு குடிக்கிறேன்' என்று திருத்துகிறார்.